கேட்டுக்காரியின் மடி

கனகமணியின் கையைத் தாண்டி ஒரு ஊக்குகூடப் பட்டாசுக் கம்பெனிக்குள் போனதில்லை என்று பெயர். சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்குள் இருந்தது அந்தக் கம்பெனி. காலையில் வேன் வந்து நிற்கும். பெண்கள் இறங்கி வரிசையாக அவள் முன்னால் வந்து கைகளை விரித்து நிற்பார்கள். செல்போன், தீப்பெட்டி, இரும்பு ஊக்கு, கொலுசு, நைலக்ஸ் சேலை என்று எதுவும் உள்ளே போகக் கூடாது. வெடிமருந்து கிடக்கிற இடம். ஒரு சின்னப் பொறி போதும், அப்புறம் ஊர் முழுக்க ஒப்பாரிதான்.

சிலரை அவள் தொடக்கூட மாட்டாள். நடந்து வருகிற தினுசைப் பார்த்தே, "ஏத்தா, கொண்டைக்குள்ள என்னத்தையோ சொருகியிருக்க, எடுத்துரு" என்பாள். எடுத்துவிடுவார்கள். போர்மேனே அவளிடம் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவார்.

உயிர் காக்கிற வேலையை ஒழுங்காகச் செய்கிறவளுக்கு ஒரு மிடுக்கு வரும். வரட்டும், தப்பில்லை. அந்த மிடுக்கைச் சாயங்காலம் வேனில் ஏற்றி வீட்டுக்கும் கொண்டுவந்தாள் பாருங்கள், அதுதான் கோளாறு.

திருத்தங்கலில் இருந்த அவளுடைய ஓட்டு வீட்டுக்கும் ஒரு கேட் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மகள் எப்சிபாவுக்கு அது எங்கே நிற்கிறது என்று நன்றாகத் தெரியும். வீட்டில் டிவி கிடையாது. சினிமாப் பாட்டு கிடையாது. பூவும் பொட்டும் கிடையாது. தெருவில் மாரியம்மன் பொங்கல் என்றால் அன்றைக்கு வாசல் கதவு திறக்காது. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, இப்போது விருதுநகர்க் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வருகிற வரைக்கும், வீட்டுக்குள் நுழைந்ததும் எப்சிபா பையைத் திறந்து காட்ட வேண்டும். செல்போனையும் நீட்ட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அவள் போகிற ஜெபவீட்டுச் சபையில் சொல்லுகிற ஒரே பெயர் 'உலகம்' என்பதுதான். உலகம் உள்ளே வந்துவிடக் கூடாது.

வைராக்கியம் பிடித்தவள் என்று கேலி பேசிவிட்டுப் போய்விட முடியாது. உலகம் என்றால் என்னவென்று கனகமணி பார்த்தவள். அவள் புருஷன் ஜெயபாண்டி அவளைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவன்; எடுத்த பிறகு நிஜமாகவே பக்திமானாகிப்போனான். ஜெபவீட்டில் அவன்தான் தபேலா. அவன் கை விழுந்தால் கிழவிகளும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். அப்புறம் லோடு ஏற்றுகிற வேலைக்குப் போனான். சீசனில் லோடு முடிகிற அன்றைக்கெல்லாம் கூட்டாளிகள் வாங்கி ஊற்றினார்கள். முதலில் சீசனுக்கு என்றிருந்தது, பிறகு சனிக்கிழமைக்கு என்றானது, கடைசியில் கிழமையே இல்லாமல் போனது. ஈரல் வெந்து, வயிறு வீங்கி, செத்துப்போனான். 'முதல் நாள் வாடையடித்தபோதே நான் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்' என்பது அவள் நெஞ்சில் தைத்த முள். அதை எடுக்கத் தெரியாமல், மகளைச் சுற்றி வேலி கட்டினாள்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. எப்சிபா கடைசிவரை விசுவாசத்தில் நிற்க வேண்டும். மற்றபடி மகள் பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டும் என்றோ, தான் காரில் போக வேண்டும் என்றோ அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த ஆடியில் கனகமணிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தவள் வேலுத்தாய். ஜெயபாண்டிக்கு அக்காள்; கனகமணிக்கு மதினி. அதே தெரு, அதே கம்பெனியில் மருந்து செலுத்துகிற அறையில் வேலை. தம்பி கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிப்போனாலும் வேலுத்தாய் மாரியம்மனை விடவில்லை, தம்பி பெண்டாட்டியையும் விடவில்லை. கோயில் சோற்றைக் கனகமணி தொட மாட்டாள் என்று தெரிந்து, அவளுக்கென்று தனி உலையில் வைத்துக் கொண்டுவருகிற ரகம்.

வீடு திரும்பிப் படுக்கையில் கிடந்தபோதும் சோதனை நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் எப்சிபாவின் பையைக் கட்டிலுக்கே வாங்கித் துழாவினாள். புத்தகத்துக்கு அடியில், பழைய பேப்பரில் மடித்த சின்னப் பொட்டலம். பிரித்தால் குங்குமம்.

கனகமணி பொட்டலத்தை மகளின் முன்னால் நீட்டினாள். "யாரு குடுத்தா?"

எப்சிபா கட்டிலில் சிதறிய புத்தகங்களை எடுத்து அடுக்கினாள்.

"நீயா வச்சிருக்கியா?"

"ஆமா. நானாத்தான் வச்சிருக்கேன்" என்றாள் எப்சிபா. அவள் பார்வை சுவரில் இருந்தது.

ஒரு நல்ல தாய் அங்கே கொஞ்சம் நிதானித்திருப்பாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால், அதற்குப் பின்னால் வேறு என்னவோ இருக்கிறது என்று யோசித்திருப்பாள். கொண்டைக்குள் இருக்கிற ஊக்கை நடையில் கண்டுபிடிக்கிற கனகமணிக்கு, பெற்ற மகளின் முகத்தில் இருந்தது தெரியவில்லை. பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டுவிட்டு, போதகருக்குப் போன் பண்ணினாள்.

போதகர் நல்ல மனுஷர். "சின்னப் பிள்ளை சிஸ்டர், வீட்டிலேயே வைத்துப் பேசி ஜெபம் பண்ணிக்கொள்ளலாமே" என்றுதான் சொன்னார். கனகமணிதான் விடவில்லை.

"கேட்ல ஒருத்தியச் சும்மா விட்டா மறுநாளு வரிசையே நிக்காதுய்யா. எம் பிள்ளைன்னு பாக்காதீக. சபைக்கு முன்னால அறிக்கை பண்ணட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்சிபா முன்னால் வந்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அந்நிய காரியத்தை வீட்டுக்குள்ள கொண்டுவந்தேன். சபையார் மன்னிக்கணும்" என்றாள். இவ்வளவுதான். சபையில் அவளோடு வேதபாடம் படித்த பையன்களும் பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கனகமணி முதல் வரிசையில் பாயில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். முடிந்ததும் பெண்கள் சுற்றிக்கொண்டு, "பெத்த பிள்ளைன்னுகூடப் பார்க்கலையே, என்ன வைராக்கியம் சிஸ்டர் ஒங்களுக்கு" என்றார்கள். அந்த அழுகைக்கு நடுவே ஒரு தித்திப்பு அவள் தொண்டையில் இறங்கியது. அதை அவள் அப்போது ஆவியானவரின் ஆறுதல் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே பெண்கள் ஐக்கியத்துக்கு அவளைத் தலைவியாக்கினார்கள். எப்சிபா, பஸ்ஸில் போய்வர நேரம் போதவில்லை என்று சொல்லி, விருதுநகரில் ஹாஸ்டலில் சேர்ந்துகொண்டாள். சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை. ஒரு பெட்டியும் ஒரு வாளியுமாகப் போய்விட்டாள். எப்போதாவது வீட்டுக்கு வந்தால், கேட்காமலே பையைத் திறந்து நாற்காலியில் வைப்பாள். வைத்துவிட்டுக் கைகளை உடம்பிலிருந்து சற்று விலக்கிப் பிடித்து நிற்பாள், கம்பெனிப் பெண்கள் நிற்பதுபோல. கனகமணிக்கு அது உள்ளுக்குள் என்னவோ செய்தது. பிள்ளை கீழ்ப்படிகிறது என்று சொல்லி மனசை மூடிக்கொண்டாள்.

பிள்ளை போன வீட்டில் பேச்சுத்துணைக்கு வந்தது சபையின் வாட்ஸ்அப் குரூப். தலைவியான பிறகு அதில் காலையிலிருந்து அவள் பெயர்தான். 'கனகமணி சிஸ்டரின் சாட்சி என்னைத் தொட்டது', 'சிஸ்டரைப்போல் தாய்மார்கள் எழும்ப வேண்டும்.' ஒவ்வொன்றுக்கும் கும்பிடுகிற கை வேறு. அவளுக்கு அதைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எல்லார் போனையும் வாங்கி வாட்ச்மேன் அறைப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறவள், தன் போனை மட்டும் மடியில் சொருகிக்கொள்ள ஆரம்பித்தாள். நாம் கேட்டோடு இருக்கிறவள்தானே, உள்ளேயா போகிறோம் என்று ஒரு சமாதானம். கேட்டுக்காரியைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்?

தீபாவளிக்கு முன்னால் சீசன் தலைக்கு மேல் போனது. ஆள் பற்றவில்லை. போர்மேன் வந்து, "யக்கா, மருந்து ரூம்புக்குத் தண்ணிக் குடம் கொண்டுபோக ஆளில்ல, ஒரு எட்டு வச்சுட்டு வந்துருங்க" என்றார். அவள் குடத்தை எடுத்தாள். மடியை மறந்துவிட்டாள்.

மறந்தாள் என்பதுதான் கேவலம். தெரிந்து கொண்டுபோயிருந்தால்கூடத் துணிச்சல் என்று ஒரு பெயர் இருக்கும்.

மருந்து அறை தனியாக, சுற்றிலும் வேப்பமரங்களோடு இருக்கும். உள்ளே வேலுத்தாயும் இன்னும் மூன்று பெண்களும், முகத்திலும் கையிலும் சாம்பல் பூத்து, அலுமினியப் பொடி மினுங்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. கனகமணி வாசற்படியில் கால் வைத்துக் குடத்தை இறக்கினாள். அந்த நேரம் அவள் இடுப்பில் போன் அதிர்ந்தது.

சத்தம் கொஞ்சம்தான். மற்ற மூவரும் நிமிரவில்லை. வேலுத்தாய் நிமிர்ந்தாள். கனகமணியின் முகத்தைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள். இடுப்பில் அது இன்னொரு தடவை அதிர்ந்தது.

வேலுத்தாய் கத்தவில்லை. கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தாள். எழுந்து வெளியே வந்து, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் அடித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, கனகமணியின் முழங்கையைப் பிடித்தாள். "வா, கனகு, ஒரு வேலை இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லி, ஓடாமல், வேகமும் காட்டாமல், வேப்பமரங்களைத் தாண்டி நடத்திக்கொண்டு போனாள். வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் போனபிறகுதான் கையை விட்டாள். மடியிலிருந்து போனைத் தானே எடுத்து, வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கனகமணியிடம் சாவி வாங்கிப் பெட்டியில் போட்டாள்.

கனகமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மதினி, போர்மேன்ட்ட சொல்லிருங்க. நான் இனி இந்தக் கேட்ல நிக்க யோக்கியதை இல்லாதவ."

"சொல்லி? இன்னைக்கே ஒன்னய வெளிய அனுப்புவாக. அம்புட்டுப் பேரு முன்னால தலையக் குனிஞ்சு போவ. அதுல எனக்கு என்ன வந்துச்சு?" வேலுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தப்பு நடந்துச்சு, எடுத்துப் போட்டாச்சு. இனிமே கொண்டாராத. ஒருதரம் பட்டவளுக்கு வேற ஆளு சொல்ல வேண்டியதில்ல."

"கர்த்தர் காப்பாத்துனார்" என்று முனகினாள் கனகமணி.

"யாரோ காப்பாத்துனாக. ஆளாளுக்கு ஒனக்காக வேண்டத்தான செய்யுதோம். நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நானும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போயிட்டு வந்தேன். அந்தக் குங்குமத்தத்தான் எப்சிட்ட குடுத்துவிட்டேன், அம்மா தலகாணிக்கு அடியில வையித்தான்னு. அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அம்மாக்குப் பிடிக்காது அத்தை, வைக்க மாட்டேன். ஆனா நீங்க நடந்து போயி வாங்குனதக் கீழயும் போட மாட்டேன். நாளைக்குக் காலேஜ் போறப்ப வேப்பமரத்து மூட்டுல வச்சிருதேன்'ன்னுச்சு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு, கனகு. ரெண்டு பேரு மனசும் நோகாம நடக்கணும்னு அந்த வயசுல யாருக்குத் தோணும்? நல்லாத்தான் வளத்திருக்க."

வேலுத்தாய்க்குச் சபையில் நடந்தது தெரியாது. சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள்.

கனகமணி அங்கேயே இருந்தாள். 'நல்லாத்தான் வளத்திருக்க' என்ற சொல் செருப்படிபோல் திரும்பத் திரும்ப விழுந்தது. அத்தையின் பெயர் வெளியே வரக் கூடாதென்று பிள்ளை சுவரைப் பார்த்து நின்றதும், செய்யாத பாவத்துக்கு முக்காடு போட்டு நின்றதும், தான் பாயில் உட்கார்ந்து அழுததும், அழுகைக்கு நடுவே இறங்கிய அந்தத் தித்திப்பும் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அது ஆவியானவர் இல்லை என்று இப்போது தெரிந்தது. சாராயமாக ஜெயபாண்டிக்குள் போன அதே உலகம்தான், பாராட்டாக இவளுக்குள் போயிருந்தது. மகளின் பையில் தேடிக்கொண்டிருந்தவள் தன் மடியைத் தடவிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போனை எடுத்தபோது, மருந்து அறையில் அதிர்ந்த செய்தி இருந்தது. அடுத்த உபவாசக் கூட்டத்தில் அவள் பேச வேண்டுமாம். 'விசுவாசத்தில் பின்வாங்கிப்போன பிள்ளையை மீட்டெடுத்த தாய்' என்று தலைப்பும் கொடுத்திருந்தார்கள். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் போய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். மகள் மேல் தப்பில்லை, தப்பு என்மேல்; பிள்ளை செய்யாததைச் செய்ததாகச் சொல்லவைத்துப் பேர் வாங்கினேன்; தலைவி வேலை வேண்டாம். சொல்லி முடித்தபோது, கல் விழும், தாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றாள். விழுந்தது கல் அல்ல. "ஸ்தோத்திரம்" என்று ஒரு அம்மாள் கை தூக்கினாள். "என்ன தாழ்மை பாருங்க" என்று இன்னொருத்தி கண்ணைத் துடைத்தாள். மத்தியானத்துக்குள் குரூப்பில் 'கனகமணி சிஸ்டரின் உடைந்த உள்ளம்' என்று கும்பிடுகிற கைகள் வரிசை கட்டின. பாவத்தையும் புகழாக்கிவிடுகிற ஊரில் அவள் எங்கே போய் மனம் திரும்புவாள்? குரூப்பிலிருந்து வெளியே வந்தாள். அந்த ஆறுதல்களில் ஒன்றும் அவள் குற்றத்தைத் தொடவில்லை. தொட வேண்டியவள் விருதுநகரில் இருந்தாள்.

தீபாவளி லீவுக்கு எப்சிபா வந்தாள். செருப்பை விட்டாள், பையின் ஜிப்பைத் திறந்து நாற்காலியில் வைத்தாள், கைகளை விலக்கி நின்றாள். பார்வை அதே சுவரில் இருந்தது.

"வேண்டாம் தாயி" என்றாள் கனகமணி. போய்ப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அத்தை சொன்னாக. குங்குமம் எப்படி வந்துச்சுன்னு."

எப்சிபா கைகளை மெல்லத் தாழ்த்தினாள். "அத்தையத் திட்டுனியா?"

"இல்ல. அவுகதான் என்னயக் காப்பாத்துனாக. நான் சபையிலயும் எழுந்து சொல்லிட்டேன், ஒம்மேல தப்பில்லன்னு."

"தெரியும். சபைப் பிள்ளைக போன் பண்ணுச்சுக."

"ஏண்டி அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லியிருந்தா அத்தைய நம்ம வாசல மிதிக்க விட்டிருக்க மாட்ட. ஒனக்கு அப்பத்தான் ஆபரேஷன் ஆயிருந்துச்சு. அவங்க இல்லாட்டி ஒனக்குக் கஞ்சிக்கு யாரும்மா?"

மன்னிச்சிரு என்ற சொல் கனகமணியின் வாய்வரை வந்தது. வந்ததும் அது சபையில் சொன்னதுபோலவே இருந்தது. இருந்தாலும் சொன்னாள். எப்சிபா, "சரிம்மா" என்றாள். கோபமில்லாத சரி. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மகளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சாப்பாடு முடிந்து, விளக்கு வைக்கிற நேரமானது. வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கிற நேரம். இத்தனை நாளும் அவளை அரித்துக்கொண்டிருந்த ஒன்றை, பாயை விரித்துக்கொண்டே, மகளின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எப்சி, நீ இப்ப ஜெபம் பண்ணுதியா?"

ஒரு தீயை அணையாமல் காக்கிறேன் என்று போர்வையைப் போட்டு மூடியவளுக்கு, உள்ளே கங்கு இருக்கிறதா, சாம்பல்தானா என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்குமேல் அவளுக்கு வாழ்க்கையில் தெரிய வேண்டியது எதுவும் இல்லை.

"பண்ணுதேம்மா" என்றாள் எப்சிபா. "தெனமும் பண்ணுதேன்."

கனகமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப வா, தாயி. ரெண்டு பேரும் முழங்கால் போடுவோம்."

எப்சிபா நின்ற இடத்திலேயே நின்றாள். "ஒம் முன்னால வேண்டாம்மா. நான் கண்ண மூடுனா, நீ தொறந்து வச்சு என்னையப் பாத்துக்கிட்டு இருக்க மாதிரியே இருக்கு. சாமிட்டப் பேச முடியல." அவள் குரலில் குத்தல் இல்லை, வலிக்கிற இடத்தை மருத்துவரிடம் காட்டுகிறவள்போலச் சொன்னாள்.

கனகமணி விரித்த பாயின் ஓரத்தை ஒருமுறை நீவி விட்டாள். பிறகு எழுந்தாள். பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே போய், கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினாள். வாசலில் ஸ்டூலைப் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தெருவில் பிள்ளைகள் கம்பி மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஏதாவது முணுமுணுப்பு வருகிறதா என்று காது தானாகப் பின்னால் போனது. இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

எதிர் வீட்டிலிருந்து வேலுத்தாய் பார்த்துவிட்டு வந்தாள். "என்ன கனகு, புள்ள வந்திருக்குன்னு சொன்னாக. நீ வெளிய உக்காந்திருக்க?"

"உள்ள எப்சி ஜெபம் பண்ணுது, மதினி."

"நீ பண்ணலியா?"

"எனக்கு உள்ள எடமில்ல" என்றாள் கனகமணி. "அது கூப்பிடட்டும், அப்பப் போறேன்."

வேலுத்தாயும் படியில் உட்கார்ந்து, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள்.